பெயர் தெரியாத விதைகள்: வடசென்னைக் கடற்கரையும் தாவரங்களை அடையாளங்கண்ட வரலாறும்

விதையிலிருந்து முளைத்து வளர்ந்த, பெயர் தெரியாத ஒரு செடியை இன்னதென்று கண்டறிவது தாவரவியலின் மிகப் பழைய வேலைகளுள் ஒன்று. வேறு நிலத்திலிருந்து கப்பல் வழியாக விதைகள் வந்திறங்கும் கடற்கரை ஊர்களில் இது அன்றாடத் தேவையாகவும் இருந்தது. சென்னைக் கோட்டையும் அதன் வடக்கே இராயபுரம், திருவொற்றியூர், கத்திவாக்கம், எண்ணூர் என நீளும் கரையும் அத்தகைய நிலப்பகுதி. 1690-கள் தொடங்கி இங்கே செடிகள் சேகரிக்கப்பட்டன, பெயரிடப்பட்டன, சில வேளைகளில் தவறாகவும் அறியப்பட்டன. உள்ளூர் மக்கள் வழங்கும் பெயர், பூத்துக் காய்க்கும் வரை வளர்த்துப் பார்க்கும் பொறுமை, ஒப்பிட்டுப் பார்க்க உலர்த்தி வைத்த மாதிரி ஆகிய மூன்றும் கூடிய இடத்தில் அடையாளம் நிலைத்தது. இவற்றுள் ஒன்று குறைந்தபோது பிழை நேர்ந்தது. சில பிழைகளின் விளைவு இன்றும் நிலத்தில் நிற்கிறது.

கரையின் பின்னணி

1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனி மதராசப்பட்டினத்தில் இடம்பெற்றபோது இங்கே இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கடலில் தள்ளி நங்கூரமிட்டன. ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த மசூலாப் படகுகளே அலைகளைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தன. உப்பு நீர் பட்ட செடிகளுள் பல கரையேறுமுன்பே இறந்துவிடும். எனவே நெடுந்தொலைவிலிருந்து செடியாக வந்தவற்றைவிட விதையாக வந்தவையே மிகுதி. விதை சிறியது, உலர்ந்தது, பெட்டிக்குள் அடங்குவது. ஆனால் தாய்ச்செடியின் இலையோ பூவோ அதனுடன் வருவதில்லை. தாளில் எழுதிய பெயர் அழிந்துபோனால் வந்து சேர்வது பெயரில்லாத விதைதான்.

1708-இல் நவாப் தாவூத் கான் திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தாங்காடு என்னும் ஐந்து ஊர்களைக் கம்பெனிக்கு அளித்தார். இவற்றுள் நுங்கம்பாக்கம் தவிர மற்றவை இன்றைய வடசென்னையைச் சேர்ந்தவை. 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணியர் தொடர்வண்டிப் பாதை இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை திறக்கப்பட்டது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் செயற்கைத் துறைமுகம் கட்டப்பட்டு, 1881-ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்து, மீண்டும் எழுப்பப்பட்டது. 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் செயல்படத் தொடங்கியது.

தமிழ்ப் பெயரிடும் முறை

கம்பெனிக்கு முன்பே போர்த்துக்கீசியர் வழியாக அமெரிக்கத் தாவரங்கள் பல தமிழகம் வந்துவிட்டன. தெரியாத செடியைத் தெரிந்த செடியோடு ஒப்பிட்டுப் பெயர் வைப்பது மக்கள் வழக்கம். மிளகுபோல் காரமுள்ள காய் மிளகாய் ஆனது. அயலாரைக் குறித்த பறங்கி என்னும் சொல்லால் பறங்கிக்காய் பெயர் பெற்றது. அயல்நாட்டைக் குறிக்கும் 'சீமை' என்னும் முன்னொட்டு சீமை அகத்தி, சீமைக்கருவேலம் முதலிய பெயர்களில் நிலைத்தது. செடி எதைப் போன்றது, எங்கிருந்து வந்தது என்னும் இரண்டு செய்திகளை இப்பெயர்கள் ஒரு சொல்லில் அடக்கின. ஆனால் 'போன்றது' என்பது 'அதுவே' ஆகாது. இம்முறையின் பலமும் குறையும் அதுதான்.

உள்ளூர்ப் பெயர் அறிவியலுக்குள் சென்றதற்குத் திருவொற்றியூரே ஒரு சான்று தருகிறது. அங்குள்ள தியாகராசர் கோயிலின் தலமரம் மகிழம். சுந்தரர் சங்கிலியாரை மணந்தபோது இம்மரத்தடியில் சூளுரைத்ததாகத் தலவரலாறு கூறும். இம்மரத்துக்கு லின்னேயசு 1753-இல் வைத்த பெயர் 'மிமுசோப்சு எலெங்கி'. இதில் உள்ள 'எலெங்கி' என்பது மகிழத்தின் மலையாளப் பெயரான இலஞ்ஞியின் திரிபு. 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்த 'ஓர்த்தூசு மலபாரிக்கூசு' என்னும் நூல் வழியாக அது ஐரோப்பாவை அடைந்தது. அந்நூலுக்கு இட்டி அச்சுதன் என்னும் வைத்தியர் அளித்த செய்திகள் அடிப்படையாக அமைந்தன.

கோட்டை மருத்துவர்கள்

சென்னைச் செடிகளை முறையாகச் சேகரித்த தொடக்ககால ஐரோப்பியர் இருவரும் புனித சார்ச்சுக் கோட்டையின் மருத்துவர்கள்: சாமுவேல் பிரவுன், எட்வர்டு பல்க்லி. பிரவுன் கோட்டையைச் சுற்றியும் உள்நாட்டு வழிகளிலும் செடிகளைத் திரட்டி உலர்த்தித் தாள்களில் ஒட்டினார். அவற்றோடு தமிழ்ப் பெயர்களையும் மருத்துவப் பயன்களையும் உரோமன் எழுத்தில் குறித்தார். இத்தொகுப்புகள் இலண்டன் சென்றன. மருந்து வணிகரும் தாவர ஆர்வலருமான சேம்சு பெட்டிவர் அவற்றை ஆராய்ந்து, 1698 முதல் அரச கழகத்தின் இதழில் விவரங்களை வெளியிட்டார். மரம், செடி, கொடி, பூண்டு என முடியும் தமிழ்ப் பெயர்கள் இவ்வாறு இலண்டனில் அச்சேறின.

இங்கே ஒரு குறை தெரிகிறது. செடியைக் காட்டி அதன் பெயரையும் பயனையும் சொன்ன உள்ளூர் மருத்துவர்களின் பெயர்கள் அந்தப் பக்கங்களில் இடம்பெறவில்லை. சேகரித்தவர் பெயரும் வெளியிட்டவர் பெயரும் நிலைத்தன. அறிந்து சொன்னவரின் பெயர் மறைந்தது; அவர் சொன்ன சொல் மட்டும் எஞ்சியது.

பொருளைச் சரியாக அறியாமல் கையாள்வது உயிரையே வாங்கும் என்பதற்கும் இதே கோட்டையில் ஒரு சான்று உண்டு. 1693-இல் கம்பெனி அலுவலர் சேம்சு வீலர், பிரவுன் கொடுத்த மருந்தை உண்டபின் இறந்தார். முன்பு பாடாணம் அரைத்த கல்வத்தைத் தூய்மை செய்யாமல் அதிலேயே மருந்து அரைக்கப்பட்டிருந்தது. பல்க்லி பிணக்கூறாய்வு செய்து அறிக்கை தந்தார். இந்தியாவில் பதிவான முதல் சட்டமுறைப் பிணக்கூறாய்வாக இது குறிப்பிடப்படுகிறது.

பல்க்லி தம் சேகரிப்புகளைக் கம்பெனியின் கருவூலப் பொறுப்பாளர் சார்லசு டூ பாய்க்கும் அனுப்பினார். டூ பாய் இலண்டனை அடுத்த மிச்சம் என்னும் ஊரில் அயல்நாட்டுச் செடிகளுக்காகத் தோட்டம் வைத்திருந்தார். 74 தொகுதிகளாக அமைந்த அவருடைய உலர்தாவரத் தொகுப்பு ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. அக்காலத்தில் போபோர்ட்டுச் சீமாட்டி மேரி சாமர்செட்டும் உலகின் பல பகுதிகளிலிருந்து வந்த விதைகளைத் தம் தோட்டத்துச் சூட்டறைகளில் வளர்த்தார். வளர்ந்தவற்றை உலர்த்தி 12 தொகுதிகளாக்கி வைத்தார். பெயர் தெரியாத விதையை விதைத்து, பூக்கும் வரை காத்து, பூத்ததை உலர்த்தி வைத்தால் அதைப் பிறர் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். இன்றளவும் மாறாத முறை இது.

பழைய சென்னைச் சேகரிப்புகளின் தடம் தாவரப் பெயர்களிலேயே பதிந்துள்ளது. மதராசப்பட்டினத்துக்குரியது என்னும் பொருள்படும் சிறப்புப் பெயர்களை லின்னேயசு 1753-இல் சில செடிகளுக்குச் சூட்டினார். இருமலுக்கு வீடுகளில் இன்றும் பயன்படும் முசுமுசுக்கை 'கூக்குமிசு மதராசுபட்டானசு' ஆனது. மேலாநெல்லி 'பில்லாந்தசு மதராசுபட்டென்சிசு' ஆனது. வேலியோரத்துக் கொடி ஒன்று ஊரின் பெயரை உலகம் முழுதும் சுமந்து சென்றது.

கொடுக்காய்ப்புளி: விதையால் வந்த வேலி

வெளிநாட்டு விதை உள்ளூர்ச் செடியாகவே மாறிவிட்டதற்கு நல்ல எடுத்துக்காட்டு கொடுக்காய்ப்புளி. சில மாவட்டங்களில் இது கோணப்புளியங்காய் எனப்படும். தாயகம் மெக்சிகோவும் நடு அமெரிக்காவும். எசுப்பானியக் கப்பல்கள் வழியாகப் பிலிப்பைன்சை அடைந்து, அங்கிருந்து சென்னையோடு நிகழ்ந்த கடல் வணிகத்தில் இங்கே வந்ததாகக் கருதப்படுகிறது. முள்ளும் விரைவான வளர்ச்சியும் உடையது ஆதலால் வேலிக்கு ஏற்றது. சுருண்ட காயின் சதையைச் சிறுவர்கள் விரும்பி உண்பர்.

1776-இல் சென்னைக்கு உதவி மருத்துவராக வந்த வில்லியம் ராக்சுபர்க்கு, பின்னர் சாமல்கோட்டையில் தோட்டம் அமைத்துச் செடிகளை ஆராய்ந்தார். இந்திய ஓவியர்களைக் கொண்டு அவற்றை வரைவித்தார். அவருடைய 'சோழமண்டலக் கரைத் தாவரங்கள்' 1795 முதல் 1820 வரை மூன்று தொகுதிகளாக, 300 படங்களுடன் வெளிவந்தது. கொடுக்காய்ப்புளிக்கு 'மிமோசா டல்சிசு' என அறிவியல் பெயர் தந்தது இந்நூலே. 1844-இல் பெந்தாம் அதனை 'பித்தெசெல்லோபியம்' என்னும் பேரினத்துக்கு மாற்றினார். கிரேக்கத்தில் அதற்குக் 'குரங்கின் காதணி' என்று பொருள். சுருண்டு தொங்கும் காயைப் பார்த்தால் காரணம் விளங்கும். 'டல்சி' என்றால் இனியது. ஆக, அமெரிக்க மரமொன்று சோழமண்டலக் கரையில் வளர்ந்த செடியைக் கொண்டு பெயர் பெற்றது. ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் பெயர்களுள் ஒன்று 'மதராசு முள்'.

ஆண்டர்சனின் பிழை

சென்னையின் தலைமை மருத்துவர் சேம்சு ஆண்டர்சன் நுங்கம்பாக்கத்தில் பெருந்தோட்டம் வைத்திருந்தார். 1786-இல் சென்னைக்கு அருகே புல்லில் ஒரு பூச்சியைக் கண்டு, அது சிவப்புச் சாயம் தரும் கொச்சினீல் பூச்சி என்று கருதினார். இலண்டனில் இருந்த சோசப்பு பேங்க்சுக்கு அடுத்தடுத்துக் கடிதம் எழுதினார். அது கொச்சினீல் அன்று எனத் தெரிந்த பின்னும் முயற்சி தொடர்ந்தது. உண்மையான கொச்சினீல் வாழும் கள்ளி வகையை வளர்க்கச் சைதாப்பேட்டையில் கம்பெனிச் செலவில் தோட்டம் அமைக்கப்பட்டது. அவருடைய உறவினர் ஆண்ட்ரூ பெர்ரி அதைக் கவனித்தார்.

1795-இல் கப்பல் தலைவர் நீல்சன் இரியோ டி செனீரோவிலிருந்து பூச்சியைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அது மெக்சிகோவின் உயர்வகைப் பூச்சி அன்று. தரம் குறைந்த சாயம் தரும் வேறோர் இனம். பூச்சி வந்தும் சாயத் தொழில் வேரூன்றவில்லை. ஆனால் அப்பூச்சி நாட்டில் பரவியிருந்த ஒருவகைச் சப்பாத்திக்கள்ளியைத் தின்று அழித்தது. பின்னர் 19-ஆம் நூற்றாண்டில் அக்கள்ளியைக் கட்டுப்படுத்தவே அது தெற்கில் பரப்பப்பட்டது. களைச்செடியை உயிரியால் கட்டுப்படுத்திய மிகப் பழைய நிகழ்வுகளுள் இது ஒன்று. அடையாளப் பிழையிலிருந்து பயன் விளைந்தது தற்செயல். செலவான ஆண்டுகள் திரும்பவில்லை.

பதிவும் ஒப்பீடும்

19-ஆம் நூற்றாண்டில் அடையாளங்காணும் பணிக்கு நிலையான ஏற்பாடுகள் உருவாயின. 1835-இல் சென்னையில் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தொடங்கப்பட்டது. அதில் தாவரவியலாளர் இராபர்ட்டு வைட்டுக்குப் பெரும் பங்குண்டு. சங்கத் தோட்டத்தில் வளர்ந்த செடிகளின் பட்டியலை 1853-இல் இயூ கிளெகார்ன் வெளியிட்டார். பெயரோடு செடியையும் நேரில் பார்த்து ஒப்பிடச் சென்னைவாசிகளுக்கு ஓர் இடம் கிடைத்தது.

வைட்டின் நூல்களுக்குப் படம் வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர்கள். பிரவுன் காலத்தில் உதவியோரின் பெயர் மறைந்தது போலன்றி, இவர்களின் பெயர் படங்களில் அச்சாயிற்று. ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு வைட்டு 'கோவிந்தூயா' என்றே பெயர் வைத்தார். பின்னர் அது வேறு பேரினத்துடன் இணைக்கப்பட்டாலும், அந்தப் பெயர் தாவரவியல் பதிவில் உள்ளது.

20-ஆம் நூற்றாண்டில் கேம்பிளும் பிசரும் எழுதிய சென்னை மாகாணத் தாவர நூல் 1915 முதல் 1936 வரை வெளிவந்தது. சென்னை நகரத்துக்கென்றே மயூரநாதன் எழுதிய பூக்கும் தாவரங்கள் பற்றிய நூலை அரசு அருங்காட்சியகம் 1929-இல் வெளியிட்டது. திருச்சி இராபினாட் உலர்தாவரகத்தை நிறுவிய கே. எம். மேத்யூ, 1980-களில் தமிழகக் கருநாடகச் சமவெளியின் தாவரங்களை விரிவாகத் தொகுத்தார்.

சவுக்கும் சீமைக்கருவேலமும்

வடசென்னைக் கரையின் தோற்றத்தை மாற்றியவை விதையால் வந்த இரண்டு மரங்கள். முதலாவது சவுக்கு. தென்கிழக்கு ஆசியாவும் ஆத்திரேலியாவும் இதன் தாயகம். தொடர்வண்டிப் பொறிகளுக்கு விறகு தேவைப்பட்ட 1860-களில் சென்னை மாகாணக் கடற்கரை மணலில் இது பெருமளவு நடப்பட்டது. ஊசியிலைபோல் தெரிவது இலை அன்று. கணுக்கள் உள்ள மெல்லிய பச்சைத் தண்டு. உண்மையான இலைகள் ஒவ்வொரு கணுவிலும் சிறு செதில்களாக வட்டமாய் அமைந்திருக்கும். பார்வைக்குப் பைன்போல் இருந்தாலும் இது பூக்கும் தாவரம். வளையல்போல் கணுக்களை எண்ணிப் பார்க்கும் மாணவர் ஏமாறமாட்டார்.

இரண்டாவது சீமைக்கருவேலம். வேலிக்காத்தான் என்றும் வழங்கும். 1876-இல் சென்னை மாகாண வனத்துறை அதிகாரி பெடோம், வறண்ட நிலங்களுக்கு விறகு மரமாக இதன் விதைகளை வரவழைக்கக் கோரினார். அடுத்த ஆண்டு விதைகள் வந்து கடப்பைப் பகுதியில் விதைக்கப்பட்டன. 20-ஆம் நூற்றாண்டில் தமிழகமெங்கும் பரவிய இம்மரம், எண்ணூர்க் கழிமுகத்தின் கரைகளிலும் தரிசு நிலங்களிலும் புதர்க்காடாக மண்டியுள்ளது. முள்ளைப் பார்த்து மக்கள் கருவேலத்தோடு சேர்த்துப் பெயர் வைத்தனர். தாவரவியலோ இதனை நெடுங்காலம் வன்னி மரத்தின் பேரினத்தில் வைத்திருந்து, 2022-இல் 'நெல்டுமா' என்னும் பேரினத்துக்கு மாற்றியது. தோற்றத்தில் மிக நெருங்கிய 'புரோசோபிசு பல்லிடா' என்னும் இனத்தோடு இது உலகின் பல நாடுகளில் குழப்பிக்கொள்ளப்பட்டது. எந்த இனம் எந்த நிலத்தில் எப்படிப் பரவும் என்பது தெரியாமல் விதைத்ததன் சுமையை அடுத்த தலைமுறைகள் ஏற்றன. 2022-இல் தமிழ்நாடு அரசு அயல் ஊடுருவித் தாவரங்களை அகற்றுவதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது.

இன்றைய தோட்டத்தில் அடையாளமும் பராமரிப்பும்

மேற்கண்ட வரலாறு மொட்டைமாடித் தொட்டிக்கும் பொருந்தும். பெயர் தெரியாத நாற்று முளைத்தால் முதலில் காணும் விதையிலைகளை வைத்து முடிவு செய்யக்கூடாது. அவை பல குடும்பங்களில் ஒன்றுபோலவே இருக்கும். ஐந்தாறு உண்மையிலைகள் வந்தபின் அவை எதிரெதிராக அமைந்துள்ளனவா, மாறி மாறி அமைந்துள்ளனவா, தனியிலையா கூட்டிலையா, கிள்ளினால் பால் வருகிறதா, கசக்கினால் மணம் உண்டா எனக் குறிக்க வேண்டும். பால் வடிந்தால் கண்ணிலோ வாயிலோ படாமல் கையைக் கழுவுவது கட்டாயம். பெயர் உறுதியாகும் வரை எந்தப் பகுதியையும் உண்ணலாகாது. மஞ்சள் அரளி, ஊமத்தை, குன்றிமணி, ஆமணக்கு ஆகியவற்றின் விதைகள் நஞ்சுடையவை; நான்குமே தோட்டங்களிலும் வேலியோரங்களிலும் தாமாக முளைப்பவை.

முள்ளுள்ள நாற்றுகளைப் பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. சற்று வளர்ந்த கொடுக்காய்ப்புளியில் ஒவ்வோர் இலையும் இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு பிரிவிலும் இரண்டு சிற்றிலைகள் வீதம் மொத்தம் நான்கு இருக்கும். சீமைக்கருவேலத்தில் ஒவ்வொரு பிரிவிலும் குறுகிய சிற்றிலைகள் பல இணைகளாக அடுக்கியிருக்கும். பூக்கும்போது கருவேலம் மஞ்சள் உருண்டைகளாகவும், சீமைக்கருவேலம் நீண்ட கதிர்களாகவும் பூக்கும். முன்னதை வேலிக்கு வைத்துக்கொள்ளலாம். பின்னதை வேர் ஆழமாகுமுன் பிடுங்கிவிடலாம். சிறு நாற்றிலேயே பெயர் தெரிவதன் பயன் இதுதான்.

வடசென்னையின் சூழல் அடையாளத்தையே குழப்பக்கூடும். மீஞ்சூர்ப் பகுதியில் 1960-களின் இறுதியிலிருந்து நிலத்தடியில் கடல்நீர் உட்புகுந்துள்ளது. கரையோரக் கிணறுகள் பலவற்றின் நீர் உவர்ப்பு. இந்நீரை ஊற்றினால் இலை விளிம்பு பழுப்பாகக் கருகும். நோய் என்றோ, அந்த இனத்தின் இயல்பு என்றோ நினைக்கத் தோன்றும். மழைநீரையோ குடிநீரையோ ஊற்றி, புதிதாக வரும் இலையைப் பார்த்தபின் முடிவு செய்வது நலம். ஆலைப்புகையும் நிலக்கரித் தூசும் இலையின் மென்மயிரையும் நிறத்தையும் மறைக்கும். இலையைக் கழுவிப் பார்க்க வேண்டும். செம்மண், மணல், மட்கிய தொழுவுரம் கலந்த மண்ணும், அடியில் நீர் வடியும் துளையும், நண்பகலில் சிறிது நிழலும் பெரும்பாலான நாற்றுகளுக்குப் போதும். இனம் தெரியாத நிலையில் உரம் மிகுந்தால் இலைகள் இயல்புக்கு மீறிப் பெரிதாகி ஒப்பீட்டைக் கெடுக்கும்.

பூத்தபின் பூ, இலை, காய் மூன்றும் உள்ள ஒரு கிளையைச் செய்தித்தாள்களுக்கு இடையே வைத்து எடை ஏற்றி, நாள்தோறும் தாள் மாற்றி உலர்த்த வேண்டும். விதை எங்கே கிடைத்தது, எந்த நாளில் விதைக்கப்பட்டது, அக்கம்பக்கத்தார் அதை என்ன பெயரால் அழைக்கின்றனர் என்பவற்றை அருகில் எழுத வேண்டும். இம்மாதிரியைக் கல்லூரித் தாவரவியல் துறையிலோ, கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவர மதிப்பாய்வகத்தின் தென்மண்டல உலர்தாவரகத்திலோ காட்டி ஒப்பிடலாம். கைபேசிச் செயலிகள் முதல் ஊகத்துக்கு உதவும். படத்தில் தெரியாத பாலும் மணமும் கணுவும் அவற்றுக்குத் தெரியா.

பெயரைச் சொன்னவர் மீன் விற்கும் அம்மாவாக இருந்தாலும் நாட்டு மருந்துக் கடைக்காரராக இருந்தாலும், அவர் ஒப்பினால் அவருடைய பெயரையும் குறிப்பில் எழுதுவது முறை. 1690-களின் தாள்களில் விடுபட்டது அந்த ஒரு வரிதான்.